விதியா? வீடா?

பல்கலைக் கழகத்தில் பயிலும் மாணவர் ஒருவர் சாவை நாட எண்ணினார் என்றதும், ஊரார் நொடியில் தீர்ப்பெழுதிவிடுகின்றனர். ‘தலைவிதி’ என்கிறது பழமை. ‘கோழை’ என்கின்றனர், பகுத்தறிவு பேசுவோரிலும் சிலர்! முன்னது மூடநம்பிக்கை, பின்னது மட்டும் என்னவாம்? காரணம் தேடாது கைகழுவும் போக்கு எந்தப் பெயரில் வந்தாலும் மூடநம்பிக்கையே, தோழர்களே!

தனிமனிதனின் செயலாகத் தோன்றும் தற்கொலைக்குச் சமுதாயத்தில் வேர் உண்டு என்று 1897-லேயே நூல் எழுதினார் பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம். பின்வந்த உளவியலார் உள்ளத்தின் உட்புறத்தையும் ஆய்ந்தனர். தீராத மனச்சோர்வு, நாளை விடியாது என்னும் நம்பிக்கையிழப்பு, ஒரு மதிப்பெண் குறையினும் தன்னையே வெறுக்கும் போக்கு, ‘நான் பிறர்க்குப் பாரம்’ என்னும் எண்ணம் ஆகியவை உயிரை அரிக்கும் கறையான்கள் எனக் கண்டனர். காய்ச்சலில் நடுங்குவோனைக் கோழை என்போமா?

‘பாரம்’ என்னும் அந்த எண்ணம் எங்கே முளைக்கிறது? பல வேளைகளில், வீட்டில்! நிலத்தை அடகுவைத்துப் படிக்க அனுப்பிய தந்தை, கடனை நாள்தோறும் நினைவூட்டுகிறார். அடுத்த வீட்டுப் பிள்ளை அளவுகோலாகிறான். காதலித்தால் குலமானம் போயிற்றாம். தேர்வில் தோற்றால் குடும்பமானம் போயிற்றாம்! ஓயாத சண்டையும், அடியும், குடியும் குலைத்த வீடுகளோ இன்னும் கொடியவை. விடுதியிலே சாதி இழிவும் சேர்ந்து துரத்துமானால், அந்தப் பிள்ளை எங்கே போவான்?

அவ்வாறாயின் பெற்றோரைக் கூண்டிலேற்றுவதா? கூடாது. ஒற்றைக் காரணத்தால் நேர்வதன்று இத்துயரம். ஒரு தேர்வையே வாழ்வின் ஏணியாக்கிய சமுதாயம் அந்தத் தந்தையையும் நெருக்குகிறது. பழி வேறு, பொறுப்பு வேறு. பழி, முடிந்ததைப் பார்த்து விரல் நீட்டும். பொறுப்பு, முடியுமுன் கை நீட்டும்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் மடிந்தனர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். உயிர்விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் கூறிற்று. சட்டம் இரங்கியது, நாம் இரங்கினோமா?

அறைத்தோழன் வாடியிருந்தால், “சாக எண்ணுகிறாயா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் பிறந்துவிடாது. அடைத்துக்கிடந்த துயரம் வாய்திறக்கும். அறிவுரை பிறகு இருக்கட்டும், முதலில் செவிகொடுங்கள். தனியே விடாதீர்; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல உதவி கட்டணமின்றிக் கிடைக்கிறது.

விதியை மறுப்பது எளிது. விதி என்று கைவிடப்பட்டவனின் கையைப் பற்றுவதே பகுத்தறிவின் கடமை!