டென்சில் கொப்பேகடுவ: உள்நாட்டுப் போர்களில் ஒரு தளபதி

டென்சில் கொப்பேகடுவ (1940–1992) இலங்கை இராணுவத்தின் பெயர்பெற்ற தளபதிகளில் ஒருவர். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் பயிற்சி பெற்றுக் கவசப் படையில் அதிகாரியானார். அவர் கண்ட போர்கள் அனைத்தும் சொந்த நாட்டுக்குள் நடந்தவை. அப்படிப்பட்ட அதிகாரியின் போர்த்திறமையை மட்டும் தனியே பிரித்து மெச்ச முடியுமா?

1971 ஏப்ரலில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சியை அடக்க இராணுவம் இறங்கியபோது எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் கிராமத்துச் சிங்கள இளைஞர்கள். தமிழீழ விடுதலைப் புலிகளுக்கு எதிராக யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடந்த 1987 மே மாத வடமராட்சி நடவடிக்கையில் முன்னின்ற தளபதிகளுள் கொப்பேகடுவவும் இருந்தார். இராணுவ ஏடுகளில் அது வெற்றி. வடமராட்சியில் அது வேறு: எறிகணைக்குப் பயந்து கோயில்களில் ஒதுங்கிய சனங்களும் மாண்டார்கள், இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டு, காலிக்கு அருகே பூசா முகாமில் அடைக்கப்பட்டார்கள்.

1991 ஜூலையில் ஆனையிறவு இராணுவ முகாமைப் புலிகள் முற்றுகையிட்டனர். கொப்பேகடுவவின் தலைமையில் வெற்றிலைக்கேணிக் கரையில் படையை இறக்கி, மறைப்பில்லாத மணல்வெளியில் முன்னேறி, ஏறத்தாழ மூன்று வாரத்தில் முற்றுகை உடைக்கப்பட்டது. போர்க்கலை நோக்கில் இதுவே அவருடைய பெரிய சாதனை.

முன்னணியில் வந்து நின்றவர் என்பதால் சிப்பாய்கள் அவரை நேசித்தார்கள். அந்த நேசத்தைக் குறைத்துப் பேசுவது நேர்மையல்ல. பிள்ளையைப் பூசாவுக்குப் பறிகொடுத்த தாயின் துயரமும் அதே அளவு மெய். கட்டளைக்குப் பணிந்தேன் என்பது சிப்பாய்க்கு ஒரு விடையாகலாம். கட்டளையிடும் இடத்தில் இருந்தவருக்கு அது போதாது.

1991 பிற்பகுதியில் படைகள் யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவகத்தைக் கைப்பற்றின. புங்குடுதீவின் பெரும்பகுதி மக்கள் வீடு, வளவு, கிணறு எல்லாம் விட்டு வெளியேறினர். புங்குடுதீவை வேலணையோடு இணைக்கும் வாணர் தாம்போதிக்கு அப்பால், வேலணைத் தீவின் அராலித்துறையில் 1992 ஆகஸ்ட் 8 அன்று கொப்பேகடுவவும், பிரிகேடியர் விஜய விமலரத்ன, கடற்படையின் மொஹான் ஜயமஹா முதலிய அதிகாரிகளும் ஒரே லாண்ட் ரோவரில் சென்றபோது கண்ணிவெடி வெடித்தது. பத்துப் பேர் உயிரிழந்தனர். இறந்தபின் அவர் லெப்டினன்ட் ஜெனரலாகத் தரமுயர்த்தப்பட்டார்.

பழி புலிகள் மேல் விழுந்தாலும், தெற்கில் பலர் ஆட்சித் தலைமையையே சந்தேகித்தனர். இறுதிச் சடங்கின்போது கொழும்பு கனத்தை மயானத்தில் சனம் கொதித்தது. பின்னர் ஜனாதிபதி ஆணைக்குழுவும் விசாரித்தது. கொப்பேகடுவ ஆயத்தம் செய்துகொண்டிருந்த யாழ்ப்பாணப் படையெடுப்பு 1995 இல் வேறு தளபதிகளின் கீழ் நடந்தது. இலட்சக்கணக்கான மக்கள் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தார்கள்.