பல்கலைக்கழக நூலகம் யாருடையது?

ஒரு பல்கலைக்கழகத்தின் பெருமையைக் கூற முற்படுவோர், அதன் நூலகத்தில் இத்தனை இலட்சம் நூல்கள் உள்ளன என்று எண்ணிக்கை காட்டுவது வழக்கம். எண்ணிக்கை தேவையானதே. ஆயினும், களஞ்சியத்தில் எத்தனை மூடை நெல் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டு ஊரிற் பசி தீர்ந்துவிட்டதென எவரும் முடிவு செய்வதில்லை. அந்த நெல் யார் வீட்டு உலையை அடைந்தது என்றே கேட்பர். நூலகத்தைப் பொறுத்தும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. அங்குள்ள நூல் யார் கையை அடைகிறது? யார் கையை அடையாது நிற்கிறது? அவ்வாறு தடுக்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

இரவல் விதிகளை நாம் அலுவலக ஒழுங்குகளாகவே கருதிப் பழகிவிட்டோம். ஆனால், யாருக்கு எத்தனை நூல், எத்தனை நாள், எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்று வகுக்கும் அந்தச் சிறு கைநூலில் ஓர் அறக்கொள்கை பொதிந்துள்ளது. ஒரு சமுதாயம் அறிவை யாருடைய உடைமையாகக் கருதுகின்றது என்பதை அது வெளிப்படுத்திவிடுகின்றது.

மத்திய கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியாற் பிணைத்து வைத்தனர். இங்கிலாந்தின் ஹெரிபோட் பேராலயத்தில் அத்தகைய நூலகம் ஒன்றை இன்றும் காணலாம். கையால் எழுதப்பட்ட நூல் கிடைத்தற்கரிய பொருளாயிருந்த காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. அச்சு இயந்திரம் தோன்றி நூல்கள் பெருகிய பின்னரும், நூலைக் காப்பதே நூலகரின் முதற் கடமை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்து நின்றது. அவ்வெண்ணத்தை வன்மையாக மறுத்தவர்களுள் ஒருவர், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து 1924 ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன். 1931 இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் முதலாவது, நூலின் பயன் பேணி வைப்பதில் அன்று, கையாளப்படுவதிலேயே உள்ளது என்ற கருத்தினது. கேட்கும்போது மிக எளிய உண்மை. ஆனால் அதை முழுமையாக ஏற்றுக்கொண்டால் நமது நூலக வழக்கங்கள் பலவற்றுக்கு இடமில்லாது போய்விடும்.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை முதலில் நோக்குவோம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர் ஒருவர், மாணவர் ஒருவரிலும் பல மடங்கு நூல்களைப் பல மடங்கு காலத்துக்கு எடுத்துச் செல்லலாம். ஆய்வு செய்பவருக்கு நூல்கள் நீண்டகாலம் தேவைப்படும் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். காரணம் உண்மையானது. தேவையின் அளவுக்கேற்பப் பங்கிடுவது நீதியே. ஆனால், தேவையின் பெயரால் வழங்கப்படும் சலுகை எப்பொழுது பதவியின் சலுகையாக மாறுகின்றது? இதை அறிவதற்கு ஒரு சோதனை உண்டு. விரிவுரையாளரின் அறையில் ஓராண்டாக இருக்கும் நூலை முதலாம் வருட மாணவன் ஒருவன் கேட்கிறான் என்று கொள்வோம். அந்நூல் திரும்பி வருமாயின் அங்கே நடப்பது தேவைக்கேற்ற பங்கீடு. வராதாயின், அல்லது கேட்பதற்கே மாணவன் அஞ்சுவானாயின், அங்கே நடப்பது ஆட்சி. மாணவனுக்கு விதிக்கப்படும் தண்டப்பணம் விரிவுரையாளருக்கு விதிக்கப்படாத இடத்தில், ஒரே குற்றம் ஆளுக்கேற்ப வெவ்வேறு பெயர் பெறுகின்றது. சமத்துவம் பற்றி விரிவுரை நிகழ்த்துவோர், தமது அலுமாரியிலேயே அதைத் தொடங்கலாமன்றோ?

மாணவர் பக்கத்திலும் குற்றம் இல்லாமல் இல்லை. பரீட்சை நெருங்கும்போது தேவையான நூலை வேறொரு துறையின் அடுக்கில் ஒளித்து வைப்பது, உசாத்துணை நூலின் பக்கங்களைக் கிழித்துச் செல்வது போன்ற செயல்கள் பல்கலைக்கழகத்திற் பயின்ற எவருக்கும் புதியனவல்ல. இவற்றை ஒழுக்கக்கேடு என்று கூறி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நூறு மாணவருக்கு இரண்டு பிரதிகளை வைத்து, அந்நூலிலிருந்தே வினாவும் எழுப்பி, அவர்களை ஒருவரோடு ஒருவர் போட்டியிட விடும் அமைப்பு, தானே ஒரு களவைக் கற்பிக்கின்றது. இதனால் ஒளிப்பவனின் குற்றம் நீங்கிவிடாது. ஏனெனில், அவன் ஒளித்த நூலால் இழப்படைவது நிருவாகமன்று. விலை கொடுத்து நூல் வாங்கக்கூடியவன் வாங்கிக்கொள்வான். வாங்க இயலாத ஏழை மாணவனே வெறுங்கையோடு திரும்புவான். சூழ்நிலையை விளக்குவது ஒன்று, செயலை நியாயப்படுத்துவது வேறொன்று. பற்றாக்குறையை எதிர்த்துக் குரல் எழுப்பும் உரிமை, பற்றாக்குறையைத் தன் நலத்துக்குப் பயன்படுத்தாதவனுக்கே முழுமையாக உண்டு.

நூல் அடுக்கில் இருந்தும் வாசகனுக்குக் கிட்டாத மற்றொரு நிலையும் உண்டு. அதுதான் மொழி. 1960 ஆம் ஆண்டை அடுத்துப் பேராதனையிற் கலைத்துறைப் பாடங்கள் தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கப்படலாயின. கிராமப் பாடசாலைகளிலிருந்து வந்தோருக்குப் பல்கலைக்கழக வாயில் இதனாலேயே அகலத் திறந்தது. ஆனால் விரிவுரை மண்டபத்தின் மொழி மாறிய வேகத்தில் நூலகத்தின் மொழி மாறவில்லை. அக்காலத்தில் அரசகரும மொழித் திணைக்களம் பல துறைகளிலும் பாடநூல்களை மொழிபெயர்த்து வெளியிட்டது. அம்முயற்சி போதிய அளவு வளர்க்கப்படவில்லை. விளைவாக, அடுக்கு ஆங்கிலத்திலும் குறிப்பேடு தமிழிலும் இருக்க, விரிவுரையாளரின் குறிப்புகளே மாணவருக்கு நூலகமாய் அமைந்தன. ஒரு குரலை மட்டும் கேட்டு வளர்பவன் அக்குரலை மறுக்கவும் கற்றுக்கொள்வதில்லை. மாணவருக்கு ஆங்கிலத்தில் வாசிக்கும் ஆற்றலை ஊட்டுவதும், தமிழில் நூல்களை ஆக்குவதும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல. இரண்டையும் செய்யாதிருப்பதே எதிரானது.

இனி, மதிலுக்கு வெளியே நிற்பவர்களைக் கவனிப்போம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. இலவசம் என்பது கற்பவரைக் குறித்த சொல். செலவைக் குறித்த சொல்லன்று. செலவை யாரோ செலுத்துகின்றனர். இலங்கை அரசின் வரி வருமானத்திற் பெரும்பகுதி, பொருள்களின் விலையோடு சேர்த்து அறவிடப்படும் மறைமுக வரிகளினாலேயே கிடைக்கின்றது. ஆகவே, சீனியும் மாவும் வாங்கும் தோட்டத் தொழிலாளியும், வள்ளத்துக்கு எரிபொருள் வாங்கும் கடற்றொழிலாளியும் பல்கலைக்கழக நூலகத்தின் ஒவ்வொரு நூலுக்கும் தம் பங்கைச் செலுத்தியுள்ளனர். அவர்களுடைய பிள்ளைகளுட் பெரும்பாலோர் அம்மதிலுக்குள் மாணவராகக் காலடி வைக்கப்போவதில்லை. உயர்தரத்திற் தகுதி பெறுவோருள்ளும் ஒரு சிறு பகுதியினருக்கே அங்கு இடமுண்டு. செலுத்தியவர் வெளியே, பயன் பெறுபவர் உள்ளே என்ற இந்நிலையை எந்த அறத்தின் பெயரால் நியாயப்படுத்துவது?

இங்கே ஒரு மறுப்பு எழும். பல்கலைக்கழக நூலகம் பொது நூலகம் அன்று. எல்லோருக்கும் திறந்துவிட்டால் மாணவருக்கே இருக்கை கிடைக்காது என்பர். இம்மறுப்பைத் தள்ளிவிட முடியாது. மாணவருக்கும் ஆய்வாளருக்கும் முன்னுரிமை இருக்கவே வேண்டும். ஆனால் முன்னுரிமை வேறு, விலக்கிவைத்தல் வேறு. வெளியார் நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் அங்கேயே இருந்து வாசிக்கலாம்; விடுமுறைக் காலங்களில் வெறுமையாய்க் கிடக்கும் மேசைகளைப் பயன்படுத்தலாம். ஆய்வு நூலகமும் பொதுமக்களும் ஒன்றாக வாழ முடியாது என்பதற்கும் நமது வரலாறே விடை கூறுகின்றது. 1933 இல் க. மு. செல்லப்பா தமது இல்லத்திற் தொடங்கிய சிறு நூலகத்திலிருந்து வளர்ந்தது யாழ்ப்பாணப் பொது நூலகம். முன்னர்க் கூறிய ரங்கநாதனின் ஆலோசனையும் பெற்று எழுந்த அதன் கட்டிடம் 1959 இல் திறந்துவைக்கப்பட்டது. அது பொதுமக்களின் நூலகமாக இருந்துகொண்டே, ஏட்டுச் சுவடிகளையும் அரிய நூல்களையும் நாடி ஆய்வாளர் வரும் இடமாகவும் விளங்கிற்று.

வெளியே நிற்பவர்களுள் ஆசிரியர் நிலை தனியே நோக்கத்தக்கது. பட்டம் பெற்று வெளியேறும் நாளோடு அவரது நூலக அட்டை காலாவதியாகின்றது. அதன் பின்னர் முப்பது ஆண்டுகள் அவர் கற்பிப்பார். நானும் இத்தொழிலைச் செய்பவன் என்ற முறையிற் கூறுகின்றேன்: பல்கலைக்கழகத்திற் குறித்துக்கொண்டதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கற்பிக்கும் ஆசிரியர், ஆண்டுதோறும் அறிவில் ஓராண்டு பின்தங்குகின்றார். நகரத்து மாணவன் அதைத் தனியார் வகுப்பாலோ வீட்டிலுள்ள நூல்களாலோ ஈடுசெய்துகொள்ளக்கூடும். தொலைதூரப் பாடசாலை மாணவனுக்கு அந்த ஆசிரியரே நூலகம். ஆகவே ஆசிரியரை வெளியே நிறுத்தும் கதவு, அவருக்குப் பின்னால் நிற்கும் ஒரு வகுப்பையே வெளியே நிறுத்துகின்றது.

சங்கிலி இன்று இரும்பாலானதன்று, கடவுச்சொல்லாலானது. ஆய்விதழ்கள் பெரும்பாலும் கணினி வழியே வருகின்றன. அவற்றின் வாணிகம் விந்தையானது. ஆய்வாளரின் சம்பளத்தைப் பெரும்பாலும் மக்கள் செலுத்துகின்றனர். அவர் கட்டுரையை ஊதியமின்றி அளிக்கின்றார். இன்னோர் ஆய்வாளர் அதை ஊதியமின்றி மதிப்பிடுகின்றார். பின்னர் அதே கட்டுரையைப் பல்கலைக்கழக நூலகம் பெருந்தொகை கொடுத்துத் திரும்ப வாங்குகின்றது. உலகின் செல்வம் மிக்க ஹார்வாட் பல்கலைக்கழகமே, ஆண்டுக்கு ஏறத்தாழ 37½ இலட்சம் டொலர் வரை செல்லும் இச்செலவு தாங்கொணாதது என 2012 இல் முறையிட்டது. அந்நியச் செலாவணி வற்றிய 2022 இல், கடதாசி இன்மையால் மேல் மாகாணத்துப் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட நமது நாட்டின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நமது கிராமம் ஒன்றைப் பற்றி நமது விரிவுரையாளர் எழுதிய ஆய்வை, அக்கிராமத்து ஆசிரியர் டொலர் கொடுத்தே வாசிக்க வேண்டும் என்பது எத்தகைய நீதி?

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஆய்வு முடிவுகள் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கவேண்டும் என்ற கோரிக்கை 2002 இற் புடாபெஸ்ற் பிரகடனமாக உருப்பெற்றது. 2005 முதல் நூலகம் என்ற பெயரில் இயங்கும் மின்னூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் வாசிக்கத்தக்கதாகத் திரட்டிவருகின்றது. தொண்டர்களின் முயற்சியாய்த் தொடங்கிய ஒன்றாற் செய்ய முடிந்ததை, அரசின் பணத்தில் இயங்கும் நிறுவனங்கள் செய்ய இயலாது என்று கூறுவது பொருந்தாது. மக்கள் பணத்தில் எழுதப்பட்ட பட்ட ஆய்வேடுகளையேனும் திறந்துவைப்பதற்குத் தேவைப்படுவது பெருநிதியன்று, விருப்பமே.

1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையும், ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலானதையும் நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அத்துயரம் நம்மீது ஒரு கடனையும் சுமத்துகின்றது. எரிந்த நூல்களுக்காகக் கண்ணீர் விடும் சமுதாயம், எரியாது எஞ்சிய நூல்களை என்ன செய்கின்றது? அவற்றை வாசகனுக்கு எட்டாத இடத்தில் வைத்துக் காப்பது, அந்த அழிவிலிருந்து நாம் ஒன்றும் கற்கவில்லை என்பதையே காட்டும். ஒரே இடத்திற் பூட்டி வைக்கப்பட்ட அறிவு ஒரே இரவில் அழியக்கூடும். பலரது கைகளிலும் பலரது நினைவிலும் பரவிய அறிவை அழிப்பது எளிதன்று.

எனவே நாம் கோருவன மிகையானவையல்ல. ஒருவர் கேட்கும் நூல், அதை வைத்திருப்பவர் யாராயினும், குறித்த நாட்களுட் திரும்பிவர வேண்டும். பாடத்துக்கு இன்றியமையாத நூல்களுக்குப் போதிய பிரதிகள் வேண்டும். விடுதியில் இருந்து படிக்க இடமில்லாத மாணவருக்கு நூலகம் இரவிலும் திறந்திருக்க வேண்டும். அப்பிரதேசத்துப் பாடசாலை ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் வாசிப்பு அட்டை ஒன்று வழங்கப்பட வேண்டும். இவை தயவாக வழங்கப்படும் வசதிகள் அல்ல. பொருளை அதன் உரிமையாளரிடம் சேர்ப்பிக்கும் கடமையின் படிகள். நூலகர் காவலாளி அல்லர். விரிவுரையாளரும் மாணவரும் உரிமையாளர் அல்லர். மூவரும் மக்களின் செல்வத்தைச் சில காலம் கையில் ஏந்தி நிற்கும் பொறுப்பாளர்களே. ஏந்திய கை அடுத்தவருக்கு நீள்கின்றதா என்பதைக் கொண்டே அவர்களது கல்வி மதிப்பிடப்படும்.