பிரித்து வைத்த பின்னும்

வீட்டில் சேரும் பிளாஸ்டிக் குப்பையைக் கழுவிக் காயவைத்துத் தனியே பிரித்துக் கொடுத்துவிட்ட குடும்பம், தனக்குரிய பொறுப்பு முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளலாமா என்னும் வினாவுக்கு, அந்தக் குப்பை அடுத்து யார் கைக்குப் போகிறது, அங்கே என்ன ஆகிறது என்பவற்றை அறிந்த பிறகே விடை கூற இயலும்.

பிரித்துக் கொடுப்பது கடமை என்பதில் ஐயமில்லை. திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016ஆம் ஆண்டிலேயே அதைக் கட்டாயமாக்கின. சட்டம் இல்லாவிடினும் அக்கடமை இருக்கும். ஏனெனில் குழம்பு ஒட்டிய உறையும் உடைந்த கண்ணாடியும் ஒரே பையில் கட்டி எறியப்படும்போது, அவற்றைக் கிளறிப் பிரிக்கும் கை தூய்மைப் பணியாளருடையது, அல்லது சென்னையின் கொடுங்கையூர் போன்ற குப்பைக் கிடங்குகளில் குப்பை பொறுக்கிப் பிழைப்பவருடையது.

ஆயினும் பிரித்தவை எல்லாம் மறுசுழற்சிக்கு, அதாவது துகளாக்கி உருக்கி மீண்டும் பொருளாக்கும் தொழிலுக்கு, போய்ச் சேருவதில்லை. தண்ணீர் பாட்டிலுக்கும் பால் பாக்கெட்டுக்கும் காயலான் கடையில் விலை உண்டு. ஷாம்பு சாஷேயும் சிப்ஸ் உறையும் பெரும்பாலும் பல்லடுக்குப் பிளாஸ்டிக், அதாவது வெவ்வேறு படலங்களும் அலுமினியமும் எளிதில் பிரிக்க இயலாதவாறு ஒட்டப்பட்டவை என்பதால், அவற்றை எடைக்கு எடுப்பார் இல்லை. எத்துணைக் கவனமாகப் பிரித்தாலும் அவை பெரும்பாலும் கிடங்கிலோ சிமெண்ட் ஆலைச் சூளையிலோ முடிகின்றன. உலகில் 2015 வரை குப்பையான பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 9 விழுக்காடே மறுசுழற்சியானது என 2017இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

பழி சுமத்துவதில் நிதானம் தேவைப்படும் இடம் இது. அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்தும் பெண் சாஷே வாங்குவதற்குக் காரணம், பெரிய பாட்டிலுக்குரிய பணம் ஒருசேர அவர் கையில் இல்லாமையே. அவரைக் குற்றவாளியாக்குவது கொடுமை. சிறு காசுக்குச் சிறு அளவு என்னும் வாணிகத்தால் சந்தையைப் பிடித்தவர் உற்பத்தியாளர். ஈட்டம் தமக்கு, உறை ஊருக்கு என்று அவர் ஒதுங்குவதில் நியாயம் ஏதுமில்லை. தாம் விற்ற உறையைத் திரும்பப் பெற்றுக் கையாளும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைக்கும் ‘நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ என்னும் கொள்கை இந்திய விதிகளில் இடம்பெற்றிருப்பது முறையே. அது ஏட்டளவில் நின்றுவிடாமல் காப்பது அரசின் கடன்.

வசதியுள்ள குடும்பத்தின் நிலை வேறு. தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் தடிமன் எதுவாயினும் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை உள்ளது. 2021 டிசம்பரில், துணிப்பையை ஊக்குவிக்கும் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கப்பட்டது. அதன் பின்னரும் கடைக்காரர் நீட்டும் பையை வாங்கிக்கொண்டு, எப்படியும் மறுசுழற்சிக்குத்தானே போகிறது என்று மனத்தை ஆற்றிக்கொள்வோர் பலர். வேண்டாம் என்று மறுக்கக் கூடியவர், வாங்கிய பின் பிரித்து வைப்பதை அறமாகக் காட்டிக்கொள்வது தகாது. துணிப்பைக்கும் இதே அளவுகோல் பொருந்தும்: பருத்தி விளையவும் துணி நெய்யவும் நீரும் ஆற்றலும் மிகுதியாகச் செலவாவதால், ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுத்துச் சென்றாலன்றி மஞ்சப்பையாலும் பயனில்லை.