நலம் என்று சொல்வது யார்?

ஒருவரைச் சந்திக்கும்போது 'நலமா?' என்று கேட்பது நம் வழக்கம். 'நீர் நலமாய் இருக்கிறீர்' என்று அவருக்கே தீர்ப்புக் கூறுவது வழக்கமன்று. மருத்துவர்கூட நாடி பிடிக்குமுன் எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார். ஆனால் ஓர் ஊரையோ ஓர் இனத்தையோ பற்றிப் பேச வரும்போது இந்த எளிய மரியாதை மறைந்துவிடுகிறது. வெளியே செய்த அளவுகோல் ஒன்று ஊருக்குள் கொண்டுவரப்படுகிறது. அளந்து முடித்தபின், இவ்வூர் முன்னேறியது, அவ்வூர் பின்தங்கியது என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். இதனை ஆட்சிமுறைச் சிக்கல் என்று மட்டும் கருதி விட்டுவிடுதல் தகாது. ஒரு சமூகத்தின் நலம் இன்னதென்று அறியும் தகுதியும் அதைச் சொல்லும் உரிமையும் யாருக்கு உண்டு என்பது அறநெறி சார்ந்த கேள்வி. இக்கேள்வியை வயல்களிலும் ஆற்றங்கரைகளிலும் வைத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வரும் நாடு ஒன்று உண்டு. அது தாய்லாந்து. அங்கே நடந்துள்ள சமூகவியல், பண்பாட்டு ஆய்வுகள் நம் வாசகர்களுக்கு அதிகம் அறிமுகமாகாதவை. எனினும் அவற்றின் ஊற்றுக்கண்களில் ஒன்று கத்தோலிக்க மண்ணில் சுரந்தது என்பதால், நாம் அறிந்துகொள்ள வேண்டியவை.

தாய்லாந்து மக்கள் நல்வாழ்வைக் குறிக்க 'யூ யென் பென் சுக்' என்ற தொடரை வழங்குகிறார்கள். 'குளிர இருந்து சுகமாய் வாழ்தல்' என்று அதற்குப் பொருள் கூறலாம். ஈற்றிலுள்ள 'சுக்' நாம் வழங்கும் சுகம் என்னும் சொல்லே. வடமொழி, பாலி வழியாக அங்கே சென்றது. குளிர்ச்சியை நலத்தோடு சேர்த்து எண்ணுவதும் நமக்குப் புதிதன்று. மனம் குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது என்று வெயில் நாட்டினராகிய நாமும் சொல்கிறோம். வெம்மையில் இருந்து துக்கத்தோடு படுத்தல் என்னும் பொருள்படும் எதிர்த்தொடரும் அவர்களிடம் உண்டு. எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்ற கேள்விக்கு இத்தொடர்களில் இடமில்லை. குடும்பம், அண்டை அயல், நிலம், நீர், முன்னோர் ஆகிய உறவுகளில் சூடேறாத நிலையே நலம் என்று அவை உணர்த்துவதாக நாம் கொள்ளலாம். 2007 முதல் 2011 வரைக்குமான பத்தாவது தேசியத் திட்டம் இத்தொடரையே நாட்டின் இலக்காக எழுதிக்கொண்டது.

மக்களின் சொல் அரசுத் திட்டத்தில் ஏறியது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் எச்சரிக்கை தேவை என்பதற்கு அந்நாட்டு வரலாறே சான்று. 1961ஆம் ஆண்டு தாய்லாந்தின் முதல் தேசியத் திட்டம் தொடங்கிய காலத்தில் ஆட்சியில் இருந்தவர் படைத்தலைவர் சரித் தனரத். உள்ளதைக் கொண்டு நிறைவுறும் 'சந்தோஷம்' என்ற புத்த சமய அறத்தைப் போதிக்க வேண்டாம் எனத் துறவியரை அவர் அரசு கேட்டுக்கொண்டது. மனநிறைவு வந்தால் மக்கள் உழைக்க மாட்டார்கள், வாங்க மாட்டார்கள், வளர்ச்சி நின்றுபோகும் என்பது அதன் கணக்கு. பிறகு 1997 ஜூலையில் அந்நாட்டு நாணயமான பாட் சரிந்தது, தொழில்கள் மூடின, நகரத்திலிருந்து வேலையிழந்தோர் கிராமத்திற்குத் திரும்பினர். அவ்வாண்டு டிசம்பரில் மன்னர் பூமிபோல் 'போதுமென்ற பொருளாதாரம்' பற்றிப் பேசினார். அதுமுதல் போதுமென்ற மனமே அரசின் கொள்கையாயிற்று. முன்பு வேண்டாமென்று விலக்கிய அறம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வேண்டுமென்று விதிக்கப்பட்டது. இவ்விரண்டில் எது சரி என்று வாதிடுவோர் பலர். நம் கண்ணில் படுவது வேறொன்று: ஏழை உழவனின் உள்ளத்தில் எந்த அறம் இருக்க வேண்டும் என்பதை இரு முறையும் மேலிருப்போரே முடிவு செய்தனர். மனநிறைவு உயர்ந்த அறம்தான். அதைப் பிறருக்காக ஒருவர் மேற்கொள்ள இயலாது. நிறைந்த வயிறு பசித்த வயிற்றுக்கு அதைப் போதிக்கும்போது அது தன் பெயரை இழக்கிறது.

இவ்விரு காலங்களுக்கும் இடையில் எழுந்ததே 'சமூகப் பண்பாட்டுச் சிந்தனை' எனப்படும் மரபு. சூலலாங்கோன் பல்கலைக்கழகப் பொருளியல் வரலாற்றாசிரியர் சாத்திப் நாத்சுபா ஊர்களில் முதியோரைத் தேடிச் சென்று கேட்டறிந்து, முற்காலத் தாய்லாந்துக் கிராமப் பொருளாதாரம் பற்றிய நூலை 1984இல் வெளியிட்டார். அரசும் வணிகமும் நுழையுமுன் கிராமத்திற்கென்று ஒரு தன்னிறைவும் உறவு வலிமையும் இருந்தன என்பது அவர் முடிவு. அதைவிட நமக்குச் சுவையானது, 1991இல் அவர் எழுதிய கட்டுரையில் இம்மரபின் சிந்தனையாளர்களை எண்ணும்போது சியாங் மாய் மறைமாவட்டத்தின் அருட்தந்தை நிபோத் தியன்விஹான் அவர்களையும் ஒருவராக எண்ணுவதாகும். நூற்றுக்கு ஒருவர்கூடக் கத்தோலிக்கர் இல்லாத நாட்டில், மலைவாழ் கரென் மக்களிடையே பணியாற்றிய ஒரு குரு நாட்டின் சிந்தனை மரபொன்றுக்குக் கால்கோள் இட்டவர்களுள் ஒருவரானார்.

அவரும் அவரோடு உழைத்தோரும் கண்டது இது. வெளியிலிருந்து வரும் திட்டம் வெளியாரோடு போய்விடுகிறது. மக்களிடம் முன்பே உள்ள கொடுக்கல் வாங்கல் முறைகள்மேல் எழுப்பியதே நிற்கிறது. கரென் மக்கள் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை மூங்கில் குழாயில் இட்டு ஒரு மரத்தில் கட்டுவார்கள். அம்மரத்தை வெட்டலாகாது, அது அக்குழந்தையின் உயிரோடு கட்டுண்டது. காட்டைக் காப்பது எப்படி என்று இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் முதலில் அம்மரத்தின்கீழ் சற்று நேரம் உட்கார்ந்திருப்பது நல்லது.

அரிசி வங்கியையும் இங்கே குறிப்பிட வேண்டும். விளைச்சல் பொய்த்த ஊர்கள் கடன்காரரிடம் அரிசி வாங்கி அழிந்துகொண்டிருந்தன. புத்த மக்களிடம் 'பா பா' என்றொரு சடங்கு உண்டு. பழங்காலத்தில் துறவியர் கைவிடப்பட்ட துணிகளைப் பொறுக்கி உடுத்தினர். அவர்கள் கண்ணில் படும்படி இல்லறத்தார் காட்டில் துணிகளை வைத்துச் சென்றனர். அதன் தொடர்ச்சியாக இன்றும் பலர் கூடிக் காணிக்கை திரட்டிக் கோயிலுக்கு ஊர்வலமாகக் கொண்டு செல்கிறார்கள். அதே சடங்கின் வடிவில் துணிக்குப் பதிலாக அரிசி திரட்டி, அரிசி வங்கிக்கு முதலாக்கினர். புத்தரும் கத்தோலிக்கரும் ஒன்றாகவே திரட்டினர். பிற சமயச் சடங்கை நம் பணிக்குக் கருவியாக்கலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். ஐயம் நியாயமானதே, புறத்தார் ஒருவர் தந்திரமாகச் செய்திருந்தால் நாமும் அவ்வாறே கேட்போம். ஆனால் சடங்குக்கு உரியவர்களே அதன் உட்பொருளாகிய ஈகையை அடையாளம் கண்டு விரித்துக்கொண்டார்கள் என்றே நாம் கருதுகிறோம். 1974இல் தைப்பேயில் கூடிய ஆசிய ஆயர்கள் பண்பாடுகளோடும் சமயங்களோடும் ஏழைகளோடும் உரையாடல் வேண்டும் என்றார்கள். மூன்றும் ஓர் அரிசி மூட்டையில் கூடி வந்த இடம் இது.

இம்மரபுக்கு மறுப்பும் வந்தது. அமெரிக்க மானுடவியலார் கேத்தரின் போவி 1992இல் வெளியிட்ட கட்டுரையில், பத்தொன்பதாம் நூற்றாண்டு வட தாய்லாந்தின் துணி உற்பத்தியை ஆராய்ந்து, தன்னிறைவுக் கிராமம் என்பது கட்டுக்கதை என்று காட்ட முற்பட்டார். தமக்கு வேண்டிய துணியைத் தாமே நெய்துகொள்ள இயலாதோர் பலர், வணிகம் இருந்தது, ஏற்றத்தாழ்வும் இருந்தது. இம்மறுப்பை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. 'சமூகம் நலமாய் இருக்கிறது' என்று சொல்லும்போது சமூகத்தின் பெயரால் பேசியவர் யார்? ஊர்த்தலைவரா, நிலமற்றவரா, விடியுமுன் எழும் பெண்ணா? ஊரின் குளிர்ச்சி சிலருடைய வாயை அடைத்துப் பெற்ற குளிர்ச்சியாகவும் இருக்கலாம். நெடுங்காலம் வறுமையில் உழன்றவர் தம் ஆசைகளையே சுருக்கிக்கொண்டு நிறைவாக இருப்பதாகச் சொல்லக்கூடும் என்று அமர்த்தியா சென் எச்சரித்திருக்கிறார். ஆகவே மக்களைக் கேட்பது என்றால் முதலில் கிடைக்கும் விடையோடு திரும்பிவிடுவது என்று பொருளாகாது.

அப்படியானால் நிபுணரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று விட்டுவிடலாமா? இங்கே புனித தாமஸ் அக்குவினாஸ் நமக்கு உதவுகிறார். ஒன்றைச் சரியாகத் தீர்மானிக்க இரு வழிகள் உண்டு என்பது ஞானம் என்னும் கொடையைப் பற்றி அவர் தரும் விளக்கம். அறநூல் கற்றவர் கற்பு என்பது என்ன என்று பகுத்தறிவால் ஆராய்ந்து சொல்வார். கற்போடு வாழ்கிறவரோ அதனோடு தமக்குள்ள இயல்பான உறவினாலேயே அதை அறிவார். முன்னதை ஆய்வறிவு என்றும் பின்னதை உறவறிவு என்றும் நாம் சொல்லலாம். அக்குவினாஸ் ஒன்றை உயர்த்துவதற்காக மற்றதைப் பழிக்கவில்லை. பர்த்திமேயு பார்வையற்றவர் என்பது எல்லார்க்கும் தெரிந்ததே. ஆயினும் தாம் என்ன செய்ய வேண்டும் என்று ஆண்டவர் அவரிடமே கேட்டார். தெரியாமல் கேட்டதாக யாரும் எண்ணுவதில்லை. அந்த மனிதர் தம் தேவையைத் தம் வாயால் சொல்லும் மாண்பை அக்கேள்வி அவருக்குத் தந்தது.

ஆய்வறிவும் உறவறிவும் கூடிய நல்லதோர் எடுத்துக்காட்டு சமுத் சொங்க்ராம் மாநிலத்தில் உள்ளது. பிரேக் நாம் தேங் என்ற ஊரில் ஒரு பக்கம் நன்னீரில் நெல் விளைப்போர். மறுபக்கம் உவர்நீரில் இறால் வளர்ப்போர். உப்புநீர் உட்புகாதபடி நீர்ப்பாசனத் துறை கால்வாய்களில் மதகுகளைக் கட்டியது. உள்ளே நீர் தேங்கியது, களைகள் அழுகின. மதகின் கதவைத் தூக்கினால் அடிநீர் முதலில் பாய்ந்து, அழுகல் முழுவதும் கீழே போய் இறாலைக் கொன்றது. இரு சாராரும் பல ஆண்டுகள் பகைத்து நின்றனர். 1992இல் சட்டத்தால் நிறுவப்பட்டு, 2019இல் வேறு அமைப்பாக மாறிய தாய்லாந்து ஆய்வு நிதியம், ஊர்மக்களே ஆய்வாளராகும் 'உள்ளூருக்கான ஆய்வு' என்ற முறையை வளர்த்திருந்தது. அதன் துணையோடு இரு சாராரும் சேர்ந்து நீரைக் கவனித்தனர், குறித்தனர், பேசினர். முடிவில் பழைய கடைகளின் பலகைக் கதவுபோல் மேலே கீல் பொருத்தி, நீரின் அழுத்தத்தால் தானே திறந்து மூடும் மதகொன்றை அவர்களே வகுத்தனர். உள்ளே நன்னீர் உயர்ந்தால் மெல்லத் தள்ளித் திறக்கும். கடல் ஏறினால் அடைத்துக்கொள்ளும். பொறியியலாருக்கு நீரின் கணக்குத் தெரியும். எந்த நீர் யார் வீட்டுச் சோற்றைக் கெடுக்கிறது என்பது ஊராருக்குத் தெரியும். நம்மைக் கவர்வது மதகைவிட, பகைவர் இருவர் ஒரே குறிப்பேட்டில் எழுதியதே.

எல்லா ஆய்வும் இவ்வாறு கனிவதில்லை. மூன் ஆறு மேக்கோங் ஆற்றோடு கலக்கும் இடத்திற்கு அருகே உலக வங்கியின் கடனுதவியோடு எழுந்த பாக் மூன் அணை 1994இல் முடிந்தது. மீன்கள் மேலேறும் வழி அடைபட்டது. மீனவர் பிழைப்பு அழிந்தது. 1995இல் உருவான ஏழைகள் பேரவையில் அவர்களும் சேர்ந்தனர். 1997இல் பேரவையினர் பாங்காக்கில் அரசு மாளிகைமுன் 99 நாள் அமர்ந்திருந்தனர். 2001இல் மதகுகள் சோதனையாகத் திறக்கப்பட்டன. அப்போது ஊர்மக்கள் 'தாய் பான்' ஆய்வு எனப்படும் தங்கள் ஆய்வைச் செய்தனர். ஊரார் ஆய்வு என்பது அதன் பொருள். எந்த மீன் திரும்பியது, எந்தப் பாறை இடுக்கில் முட்டையிட்டது, எந்தக் கரையில் எந்தக் கீரை முளைத்தது என்று தங்கள் மொழிப் பெயர்களால் பதிந்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட மீன் வகைகள் அப்பதிவில் உள்ளன. மறுபுறம் அரசு கேட்டுக்கொண்டபடி உபோன் ராட்சதானி பல்கலைக்கழகமும் ஆராய்ந்து, மதகுகளை ஆண்டு முழுவதும் திறந்து வைப்பதே நன்று என்றது. ஆய்வறிவும் உறவறிவும் ஒரே விடையைத் தந்தன. 2002இல் அரசு எடுத்த முடிவு, ஆண்டில் நான்கு மாதங்கள் மட்டும் திறப்பது என்பதாகும்.

இங்கேதான் நம் கேள்வி கூர்மை பெறுகிறது. மக்களைக் கேட்காத ஆட்சியைக் கண்டிப்பது எளிது. கேட்டுவிட்டு, எழுதிக்கொண்டு, அச்சிட்டும் வைத்துவிட்டு, வேறொன்றைச் செய்யும் ஆட்சியை என்னென்பது? ஆள்வோர் மின்சாரத்தையும் பாசனத்தையும் எண்ண வேண்டியவர்களே. மக்கள் சொன்னதெல்லாம் சட்டமாக வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் கேட்டவர் கடன்பட்டவர். ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்பதைக் கேட்கப்பட்டவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லவாவது அவர் கடமைப்பட்டுள்ளார்.

இக்கடன் ஆட்சியாளர்க்கு மட்டும் உரியதன்று. விசுவாசிகள் அனைவரின் ஒருமித்த விசுவாச உணர்வு தவறாது என்று கற்பிப்பது நம் திருச்சபை. 2021 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கிவைத்த மாமன்றப் பயணத்தின்போது பங்குகளில் இறைமக்கள் கேட்கப்பட்டனர். அன்பியங்களில் கூடிப் பேசினர். தாள்களில் எழுதித் தந்தனர். 2024 அக்டோபரில் நிறைவுற்ற மாமன்றத்தின் இறுதி ஏடு, முடிவெடுப்போர் கலந்து பேசப்பட்டோர்க்குக் கணக்குக் கொடுக்க வேண்டிய கடமையையும் சேர்த்தே பேசுகிறது. அந்தத் தாள்களில் தாம் எழுதியது என்னவாயிற்று என்று ஒரு பங்கின் மீனவரோ விதவைத் தாயோ குருவிடம் வந்து கேட்டால், அதை அவர் குறையாக எடுத்துக்கொள்ளாமல் உட்காரச் சொல்லி விடை கூற வேண்டும்.