விரைவும் சுடுவலுவும்: ஓர் அறவியல் நோக்கு

கணினி விளையாட்டுகளை அறவியல் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கொள்வோர் எம்மிடையே அரியர். எனினும், மெய்யியல் வகுப்பிலே நாம் நூல்வழிக் கற்கும் வினாவொன்று அவ்விளையாட்டுகளுள் ஒன்றிலே கண்கூடாக எழுகின்றது. 1997இல் யப்பானிய நிறுவனமான ஃபுரொம்சொப்ட்வெயார் வெளியிட்ட ‘ஆமர்ட் கோர்’ என்னும் விளையாட்டிலும் அதன் வழிவந்தவற்றிலும், ஆடுபவர் பேருருவப் போர் ரோபோ ஒன்றை உறுப்பு உறுப்பாகத் தாமே பொருத்தி அமைக்கின்றார். அதன் கால்கள் தாங்கும் எடைக்கு எல்லை உண்டு. மின்பிறப்பாக்கி வழங்கும் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. பெரும் பீரங்கியைத் தோளில் ஏற்றினால் விரைவு குன்றும். விரைவை நாடினால் கவசத்தையும் படைக்கலத்தையும் குறைத்தல் வேண்டும்.

இரண்டையும் பாதிபாதியாகக் கொள்வதே சமநிலை எனப் பலர் எண்ணுவர். அரிஸ்டோட்டில் இதனை ஏற்கார். உணவிலே பத்து அளவு மிகை, இரண்டு அளவு குறை என்பதனால் ஆறு அளவு எல்லோர்க்கும் ஏற்றதாகிவிடாது. மற்போர் வீரன் மைலோவுக்கு அது போதாது, பயிற்சி தொடங்குபவனுக்கு அதுவே மிகை என ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலில் அவர் விளக்குவார். வள்ளுவரும் வலியறிதலை அடுத்துக் காலமறிதலையும் இடனறிதலையும் வைத்தமை ஈண்டு நோக்கற்பாலது. வலுவின் அளவு எங்கே, எப்போது, யாருக்கு எதிரே என்பவற்றோடு சேர்ந்தே பொருள்படும்.

இனி, விளையாட்டை விட்டு எமது கடலுக்கு வருவோம். ‘எம்டன்’ என்ற சொல்லைத் தமிழர்க்குத் தந்த ஜேர்மன் போர்க்கப்பல் மணிக்கு ஏறத்தாழ 24 கடல்மைல் ஓடவல்லது. அதன் பத்துப் பீரங்கிகளோ 10.5 சென்ரிமீற்றர் வாயுடையவை. வணிகக் கப்பல்களைத் துரத்திப் பிடிக்கவும், 1914 செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளை எரித்துவிட்டு இருளில் மறையவும் அவை போதுமாயிருந்தன. அடுத்த நாட்களில் இலங்கையை அண்டிய கடலிலும் அது கப்பல்களைப் பிடித்தது. நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவுகளருகே அவுஸ்திரேலியக் கப்பலான ‘சிட்னி’ எதிர்ப்பட்டது. அதன் பீரங்கிகள் 15.2 சென்ரிமீற்றர், விரைவும் சற்று மிகுதி. முதலில் இலக்கைத் தாக்கியது எம்டனே. ஆயினும் சிட்னி விலகி, எம்டனின் குண்டுகள் பயன்தர இயலாத தொலைவில் நின்று அடித்தது. ஏழு வாரங்களுக்கு முன் மிகச் சரியாயிருந்த அளவு இப்போது போதாததாயிற்று. கப்பலிலோ ஓர் ஆணிகூட மாறியிருக்கவில்லை.

தோற்ற ஆட்டக்காரர் பட்டறைக்கு மீண்டு, கால்களை மாற்றி, மறுபடி களம் புகுவார். எம்டனில் இறந்த நூற்றுக்கு மேற்பட்டோர்க்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை.

இதனினும் கனதியான வினா பின்னரே எழுந்தது. தலைவர் முல்லர் எம்டனை வட கீலிங் தீவின் பாறைத்திட்டில் ஏற்றினார். ஓடவும் இயலாது, போரிடவும் இயலாது அது கிடந்தது. கொடி மட்டும் இறக்கப்படவில்லை. சரணடைகிறீரா என்ற சைகைக்கு மறுமொழி வராமையால், சிட்னியின் தலைவர் குளொசொப் மீண்டும் சுடுவித்தார்; கொடி இறங்கிய பின்பே நிறுத்தினார். போர்மரபு அவர் பக்கம் நிற்கலாம். எனினும் அச்சூடு மிகை என்றே நான் கருதுகிறேன். விரைவும் வலுவும் ஒரே பக்கம் குவிந்துவிட்ட அவ்வேளையில், அவற்றைத் தடுக்க வல்லது பொறியமைப்பில் எதுவும் இல்லை. ஒரு மனிதரின் தீர்ப்பே எஞ்சியிருந்தது. எடைக்கு எல்லை வகுத்த விளையாட்டு, வெற்றி உறுதியான பின் எப்போது நிறுத்துவது என்பதற்கு எல்லை வகுப்பதில்லை.

பட்டறைத் திரையிலே சுடுவலு ஓர் எண். விரைவும் ஓர் எண். அடிபடுவோரைக் குறிக்கும் எண் அங்கில்லை. (இருக்கவேண்டும் என நான் வாதிடவில்லை; விளையாட்டு விளையாட்டாகவே இருக்கட்டும்.) ஆனால், ‘செல்’ என்றதும் பதுங்குகுழியை நினைக்கும் தலைமுறை யாழ்ப்பாணத்திலே எம்மோடு இன்னும் வாழ்கின்றது. 2009இல் போர் முடிந்த பின் வளர்ந்த நாம், அந்த எண்ணை உயர்த்தும்போது அவர்கள் அதே அறையில் இருக்கின்றார்கள். துணிவும் தந்திரமும் உடையோனைக் குறிக்கும் சொல்லாக எம்டன் எம் பேச்சில் நிலைத்துவிட்டது. அன்றிரவு சென்னைத் துறைமுகத்தில் இறந்தோர் எவருடைய பெயரும் அவ்வாறு நிலைக்கவில்லை.