மன்னிப்பும் ஈடுசெய்தலும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பணியாற்றிய காலத்தில் பதின்வயதுச் சிறுமியிடம் பாலியல் குற்றம் இழைத்ததை 2015இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்ற அருட்பணியாளர் ஒருவர்மீது முன்னரே விதிக்கப்பட்டிருந்த பணித்தடையை, அவர் நாடு திரும்பியபின், 2016இல் உதகை மறைமாவட்டம் நீக்கியது. மனம் வருந்துபவரைக் கடவுள் மன்னிக்கிறார் என்பதால் அவரைப் பழைய பொறுப்பில் அமர்த்தலாமா என்னும் கேள்வியை அம்முடிவு எழுப்பியது. கூடாது என்பதே கிறித்தவ மரபு தரும் விடை.

ஊதாரி மகனைத் தந்தை ஓடிச்சென்று தழுவிக்கொண்ட உவமை இறையிரக்கத்திற்கு எல்லையில்லை என்று கற்பிப்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அம்மகன் அழித்தது பெரும்பாலும் தன் பங்குச் சொத்தை. பிறர் பிள்ளையின் வாழ்வை அன்று. பிறருக்குத் தீங்கிழைத்தவர் அதை முழுமையாகத் திருப்பித் தருவதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் தரவேண்டும் என்று விவிலியத்தின் எண்ணிக்கை நூலின் ஐந்தாம் அதிகாரம் விதிக்கிறது. வரிதண்டுவோர் தலைவராகிய சக்கேயுவோ நான்கு மடங்கு தருவதாக இயேசுவின் முன்னிலையில் வாக்களித்தார். பறித்ததைத் திருப்பித் தர இயன்றும் தராதவரின் மனவருத்தம் வெறும் நடிப்பு என்று அகுஸ்தினார் மக்கெதோனியுவுக்கு எழுதிய கடிதத்தில் கண்டித்தார். பொருளை மட்டுமன்றிப் பறிபோன நற்பெயரையும் ஈடுசெய்தாக வேண்டும் என்று தாமஸ் அக்குவினாஸ் விளக்கினார். மனத்துயர், அறிக்கையிடுதல், பரிகாரம் ஆகிய மூன்றையும் ஒப்புரவு அருளடையாளத்தில், அதாவது முன்னாளில் பாவசங்கீர்த்தனம் எனப்பட்ட சடங்கில், பாவி ஆற்றவேண்டிய செயல்களாகத் திரிதெந்து பொதுச்சங்கம் 1551இல் வரையறுத்தது. இத்தனை சான்றோரும் ஒருமுகமாக வலியுறுத்தும் பரிகாரத்தைத் தள்ளிவிட்டு மன்னிப்பை மட்டும் எடுத்துக்கொள்வது இறையிரக்கத்தையே மலிவாக்குவதாகும்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியிடலாகாது என்னும் விதியும் இங்கே புகலாகாது; இக்குற்றம் நீதிமன்றத்தின் திறந்த அவையில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அன்றியும், சிறுமிக்கு இழைக்கப்பட்ட தீங்கை அவள் சார்பில் மன்னிக்கும் உரிமை ஆயருக்கு இல்லை. அவர் காக்கவேண்டியது, இனி அப்பணியாளரை நம்பித் தங்கள் பிள்ளைகளை ஆலயத்துக்கு அனுப்பப்போகும் பெற்றோரின் நம்பிக்கையை.

திருச்சபைச் சட்டமே இத்திசையில் நகர்ந்துள்ளது. குருக்கள் தங்கள் நிலைக்குரிய கடமைகளை மீறும் குற்றங்களின் வரிசையில் முன்பு வைக்கப்பட்டிருந்த சிறார்மீதான பாலியல் வன்கொடுமை, 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், மனித உயிருக்கும் மாண்புக்கும் சுதந்திரத்துக்கும் எதிரான குற்றங்களின் பிரிவுக்கு மாற்றப்பட்டு, பணிப்பொறுப்பைப் பறிப்பது அதற்குரிய தண்டனையாகவும் குறிக்கப்பட்டுள்ளது.