பாயில் விழுந்த செதில்கள்



சில ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு பங்கில் இருந்தபோது, மே மாதத்து ஞாயிறு ஒன்று. திருப்பதி வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; 40 டிகிரியைத் தாண்டிய நாள். கடைசி வரிசையில் ஓர் அம்மா மணிக்கட்டுவரை கை வைத்த ரவிக்கையோடு, முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். திருப்பலி முடிந்து நான் வாசலுக்கு வரும்போது அவர் எழுந்தார். பாயில் வெள்ளைச் செதில்கள். சட்டென்று குனிந்து, கைக்குட்டையால் ஒவ்வொன்றாக ஒற்றியெடுத்துப் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அதற்குள் தன் பாயை ஒரு முழம் இழுத்துக்கொண்டார். இரண்டையும் பார்த்தேன்; ஒன்றும் சொல்லாமல் போய்விட்டேன். அந்த மௌனம் என் பாவம்.

அவருக்கு இருந்தது சொரியாசிஸ். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப் படை என்பார்கள். தொட்டால் ஒட்டாது, ஒரே பாயில் உட்கார்ந்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. உடலின் எதிர்ப்பாற்றல் தடம் மாறுவதால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் வளர்ந்து உதிர வேண்டிய தோல் நாலைந்து நாளிலேயே குவிந்து செதிலாகிறது. 2014-இல் உலகச் சுகாதாரப் பேரவையே இதைத் தொற்றாத நோய் என்று தீர்மானத்தில் எழுதியது.

இளவெயில் கொஞ்சம் பட்டால் பலருக்குப் படை தணியும். உச்சிவெயிலில் தோல் வெந்துபோனால் வெந்த இடத்திலேயே புதிதாகக் கிளம்பும். காயத்தைத் தேடி வரும் நோய் இது. நம் சித்தூர்த் தோப்புகளில் கிளிமூக்கு மாங்காய் பறிப்பவர்களுக்குத் தெரியும்: காம்பை ஒடித்ததும் பீய்ச்சுகிற பால் பட்டால் தோல் பொத்துப்போகும். மற்றவர்களுக்கு ஆறிவிடும் அந்தப் புண், சொரியாசிஸ் உள்ளவர்களுக்குப் படையாக மாறலாம். தோப்பில் முழுக்கைச் சட்டை காப்புத்தான். கோயிலுக்குள்ளும் கையை மடிக்க விடாமல் செய்வது நம்முடைய பார்வை. உள்ளேயே வியர்த்து, உப்பு எரிந்து, அரித்து, சொறிந்து, ரத்தம் கசிந்து... இதில் வெயில் பாதி, நாம் பாதி.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் தொழுநோயாளர் ஒருவர் இயேசுவிடம் வருகிறார். வரிசையைக் கவனியுங்கள்: ஆண்டவர் முதலில் தொடுகிறார், நோய் பிறகுதான் நீங்குகிறது. லேவியர் நூல் 13-ஆம் அதிகாரம் பேசும் நோயும் இன்று நாம் சொல்லும் தொழுநோய் மட்டுமல்ல. அந்த எபிரேயச் சொல் பலவகைத் தோல்நோய்களுக்கும், துணியில் பிடித்த பூசணத்துக்கும்கூட வழங்கியது. சொரியாசிஸும் அதற்குள் அடங்கியிருக்கலாம் என்கிறார்கள் அறிஞர்கள். எத்தனை பேர் தொற்றாத நோய்க்காக ஊருக்கு வெளியே நின்றார்களோ!

அன்று குருதான் தோலைப் பார்த்து நோயா இல்லையா என்று சொன்னார். இன்று அது என் வேலையல்ல, தோல் மருத்துவருடையது. படை இருப்பவர்கள் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வேலூர் சி.எம்.சி.யும் நமக்குத் தூரமில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு மருந்தை இஷ்டத்துக்குப் போட்டு, சட்டென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். மருத்துவர் மெதோட்ரெக்சேட் மாத்திரை எழுதிக் கொடுத்தால் அது வாரம் ஒருமுறைதான்; தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. விரல் மூட்டு வீங்கினாலும் காலையில் விறைத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். செபியுங்கள், செபித்ததற்காக மருந்தை நிறுத்தாதீர்கள்.

யோபு சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத் துண்டால் சுரண்டிக்கொண்டார், அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. வெந்நீரும் நாரும் வேண்டாம். சாதாரணத் தண்ணீரில் குளித்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். தளர்வான பருத்தித் துணி போடுங்கள்.

அடுத்த ஞாயிறு முதல் இடப்பக்கத் தூணருகே, மின்விசிறிக்கு நேர் கீழே, இரண்டு பாய்கள் கூடுதலாக விரிக்கச் சொல்லியிருக்கிறேன். அவற்றை யாருக்கென்றும் ஒதுக்கவில்லை. வேண்டியவர் கையை மடித்துவிட்டு உட்காரட்டும். அவர் அருகில் முதலில் போய் உட்காருபவர் நம் பங்குப் பேரவை உறுப்பினராக இருக்கட்டும்.